காப்பும் காட்சியும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பத்துப் பருவங்களை உடையது. ஆண்பாலாயினும் பெண்பாலாயினும் அவற்றுள் முதலாவது காப்புப் பருவமே. செங்கீரையும் தாலும் சப்பாணியும் அதன் பின்னரே வரும். பாட்டுடைப் பிள்ளையின் அழகினைப் பலரறியப் பாடப் புகும் புலவர், முதற்கண் தெய்வங்களைப் பரவி அப்பிள்ளைக்குக் காவல் வேண்டுவர். யாழ்ப்பாணத்து இல்லங்களிலும் இம்மரபு வேறோர் உருவில் நிலவுகின்றது. பிள்ளையை வெளியே கொண்டுசெல்லுமுன் கன்னத்திற் கறுத்தப் பொட்டிடுதலும், விழாவுக்குச் சென்று மீண்ட பிள்ளைக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தலும் இன்னும் முற்றாக அற்றுப்போகாத வழக்கங்கள். கண்ணூறு உண்மையோ அன்றோ என்பது வேறு வினா. பலர் பார்வைக்கு உட்படும் பிள்ளைக்குக் காவல் வேண்டும் என்னும் உணர்ச்சி இவ்வழக்கங்களின் அடியிற் கிடக்கின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அவ்வுணர்ச்சி இந்நூற்றாண்டிற் புதியதொரு சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றது. பெற்றோர் கடல் கடந்து வாழ, அவர்தம் முகமும் குரலும் கைத்தொலைபேசித் திரையிற் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. மறுபுறத்திற் பிள்ளையின் பாடலும் ஆடலும் அழுகையும் தொலைக்காட்சியிலும் யூரியூப்பிலும் இலட்சக்கணக்கானோர்க்குக் காட்சியாகின்றன. பெற்றோர் திரைக்குள் புகுதலும் பிள்ளை திரைக்குள் புகுதலும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. இவ்விரண்டும் முற்றிக் கொடுங்கனவாகிய உலகங்களை மேனாட்டுப் புனைகதை ஆசிரியர் சிலர் முன்னரே கற்பனை செய்துள்ளனர். அக்கற்பனைகள் விடுக்கும் எச்சரிக்கை யாது, அது யாழ்ப்பாணத்து வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்தும் என ஆராய்தல் பயனுடையது.

ஆங்கில அறிஞர் தோமஸ் மோர் 1516 ஆம் ஆண்டில் ‘யூட்டோப்பியா’ என்னும் நூலில் குறையற்ற நாடொன்றைக் கற்பித்துக் காட்டினார். அதற்கு நேர்மாறாக, இன்றைய தீமையொன்றை அதன் எல்லைவரை வளரவிட்டு, அதன் விளைவைக் கதையாக்கிக் காட்டும் இலக்கிய வகை பின்னர்த் தோன்றியது. இதனைக் கேட்டுலகப் புனைவு எனலாம். இவ்வகை நூல்கள் வருங்காலத்தை முன்கூட்டி உரைக்கும் சோதிடம் அல்ல. நிகழ்காலத்தின் போக்கைப் பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி என்பதே அவற்றுக்குப் பொருந்தும். 1949 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய நாவல் இவ்வகையிற் பெரிதும் அறியப்பட்டது. எங்கும் எவரையும் கண்காணிக்கும் ‘பெரிய அண்ணன்’ அந்நாவலின் படைப்பே. எனினும் பெற்றோர், பிள்ளை என்னும் உறவைத் தனியே எடுத்து ஆராய்ந்த படைப்புகள் வேறு மூன்று உள.

முதலாவது, ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இயந்திரம் நின்றுவிடுகிறது’ என்னும் பொருள்படும் சிறுகதை. வானொலி ஒலிபரப்புத் தானும் தொடங்காத காலம் அது. அக்கதையில் மாந்தர் யாவரும் நிலத்தின் கீழ்த் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர். தாய் ஓர் அறையில் இருக்க, மகன் உலகின் மறுபுறத்தில் இருக்கின்றான். வட்டத் தகடொன்றில் ஒருவர் உருவம் மற்றவர்க்குத் தோன்றும், குரலும் கேட்கும். மகன் நேரில் வருமாறு தாயை வேண்டுகின்றான். உன்னை இங்கிருந்தே காண்கின்றேனே, நேரில் வருவதற்கு என்ன தேவை எனத் தாய் வியக்கின்றாள். தகட்டில் தெரிவது தாயைப் போன்ற ஒன்றேயன்றித் தாய் அன்று என்பது மகனின் மறுமொழி. பெற்றோர் கடமை பிள்ளை பிறந்த அக்கணமே முடிவுறுகின்றது என அவ்வுலகின் விதிநூல் கூறுவதாக ஆசிரியர் அமைத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950 ஆம் ஆண்டில் எழுதிய கதை. செல்வக் குடும்பம் ஒன்று தன் பிள்ளைகளுக்கு விந்தையானதோர் அறையை அமைத்துக் கொடுக்கின்றது. பிள்ளைகள் நினைத்தவையெல்லாம் அவ்வறையின் சுவர்களில் உயிர்பெறும். ஆபிரிக்கப் புல்வெளியும் அதில் இரைதின்னும் சிங்கங்களும் நாள்தோறும் அங்கே தோன்றுகின்றன. பிள்ளைகள் அவ்வறையையே தாயும் தந்தையுமாகக் கொள்கின்றனர். பெற்றோர் அதனை மூடிவிட முனைந்தபோது பிள்ளைகள் அவர்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகின்றனர். கதையின் முடிவிற் சிங்கங்கள் இரை பெறுகின்றன.

மூன்றாவது, பீற்றர் வியர் இயக்கி 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த ட்ரூமன் ஷோ’ என்னும் திரைப்படம். குழந்தை ஒன்றை நிறுவனம் ஒன்று தத்தெடுக்கின்றது. மாபெரும் கவிகைமாடத்துள் ஊர் ஒன்று கட்டப்படுகின்றது. தாயும் தந்தையும் மனைவியும் நண்பனும் சம்பளம் பெறும் நடிகர்கள். பிறந்த நாள்முதல் அவன் வாழ்க்கை உலகெங்கும் ஒளிபரப்பாகின்றது. அதனை அறியாதவன் அவன் ஒருவனே. தந்தை கடலில் மூழ்கி இறப்பதாகச் சிறுவயதில் அவன் கண்முன்னே நாடகம் நடத்தப்படுகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் அத்தந்தையை மீளக் கொணர்ந்து, இருவரும் தழுவி அழும் காட்சியைத் தயாரிப்பாளர் இசையோடு ஒளிபரப்புகின்றார். பார்த்தோர் கண்ணீர் வடிக்கின்றனர்.

இம்மூன்று படைப்புகளையும் ஒருங்கு நோக்கின், அவை இருவேறு அச்சங்களைப் பற்றியன என்பது புலனாகும். பெற்றோரின் இடத்தை இயந்திரம் கைப்பற்றிவிடும் என்பது முன்னைய இரண்டின் அச்சம். பெற்றோரின் இடத்தைப் பார்வையாளர் கூட்டம் கைப்பற்றிவிடும் என்பது மூன்றாவதன் அச்சம். பொதுவாகத் ‘திரை பிள்ளைகளைக் கெடுக்கின்றது’ என ஒரே மூச்சிற் கூறுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர். யாழ்ப்பாணத்து அனுபவம் இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றது.

தொலைவிலிருந்து பிள்ளை வளர்த்தல் குடாநாட்டுக்குப் புதியது அன்று. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவர் பலர். அவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் எழுந்தமையால், ‘மணியோடர்ப் பொருளாதாரம்’ என்னும் தொடர் வழக்கில் வந்தது. கொழும்பிற் கடமையாற்றிய எழுதுவினைஞர்க்கு 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி விடுமுறைநாள் உறவைத் தந்தது. தந்தை கடிதமாகவும் காசுக்கட்டளையாகவும் இருந்தார். அருகிலிருந்து வளர்க்கும் கடமை தாய்க்கும் பாட்டிக்கும் ஆசிரியர்க்கும் உரியதாயிற்று.

1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் இப்பிரிவு தொழிலுக்காக ஏற்பட்ட பிரிவு என்னும் நிலை மாறி, உயிர் காத்தற்பொருட்டு ஏற்பட்ட பிரிவாயிற்று. 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் ஏறத்தாழ 738,000 பேர் வாழ்ந்தனர். 2012 இல் அத்தொகை ஏறத்தாழ 583,000 ஆகக் குறைந்திருந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதொழிந்தன. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள மகனோடு சில நிமிடம் உரையாடுவதற்காகக் கடல்நீரேரி கடந்து வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணம் செய்தோர் உளர். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழி வரும் சில வரிச் செய்தியே பல வீடுகளில் உறவின் ஒரே சான்றாக இருந்தது.

இப்பின்னணியில் நோக்குவோர்க்கே இன்றைய காணொளி அழைப்பின் அருமை விளங்கும். ரொறன்ரோவில் வாழும் தந்தைக்குக் கோடைகாலத்திற் காலை 9.30 மணி ஆகும்போது யாழ்ப்பாணத்தில் மாலை 7 மணி. அவர் தம் பணியிடையே மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உள்ள தாய், தன் பிள்ளை உறங்குமுன் முகம் காணலாம். அரசும் இப்பிரிவின் கேட்டினை உணராமல் இல்லை. 2013 ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. வறுமை வரம்பைத் தாழ்த்துவிக்கின்றது. திரை அவ்விடைவெளியை நிரப்ப அழைக்கப்படுகின்றது.

அவ்வாறு நிரப்ப அதனால் இயலுமா என்பதே வினா. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற தாய்மாரையும் ஊரில் விடப்பட்ட அவர்தம் பிள்ளைகளையும் மிர்க்கா மடியானோ, டானியல் மில்லர் என்னும் இருவர் ஆராய்ந்து, 2012 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். புதிய தொடர்புச் சாதனங்களால் தாம் மீண்டும் தாயாகியதாக உணர்ந்தோர் தாய்மாரே. பிள்ளைகளின் நிலை இருவேறுபட்டது. பிரிவுக்கு முன்னரே உறவு வேரூன்றியிருந்த பிள்ளைகளுக்கு அழைப்பு ஆறுதலாயிற்று. மிகச் சிறுவயதிற் பிரிக்கப்பட்ட சிலர்க்கோ அது தொலைவிலிருந்து தம்மைக் கண்காணிக்கும் தொல்லையாகவே தோன்றியது. இதனால் அறியப்படுவது, திரை உறவை உண்டாக்குவதில்லை, உண்டான உறவைக் கொண்டுசெல்கின்றது என்பதே.

திரையிலுள்ள தாய் கண்டிக்கலாம், தேற்றலாம், கதை சொல்லலாம். தலை வாரிவிடுதலும், நெற்றியிற் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தலும், சோறூட்டலும் அவளால் இயலா. ஆகவே நன்கு நடைபெறும் ஒவ்வொரு காணொளி உறவின் பின்னும் அம்மம்மாவோ பெரியம்மாவோ அக்காவோ ஒருத்தி நிற்பாள். தொலைபேசியை ஏந்திப் பிடிப்பவளும் அவளே. அத்தகையோர் இல்லாத இடத்திலேயே ஃபோர்ஸ்டரும் பிராட்பரியும் கண்ட கொடுங்கனவு தொடங்குகின்றது. தென்கொரியாவில் 2009 ஆம் ஆண்டில் மூன்று மாதக் குழந்தை ஒன்று பட்டினியால் மாண்டது. அதன் பெற்றோர் இணைய விளையாட்டு ஒன்றிற் பொய்க்குழந்தை ஒன்றை வளர்ப்பதற்காக நள்ளிரவுகளைக் கணினி நிலையத்திற் கழித்தவர்கள் என்பது 2010 இல் அவர்கள் கைதாகியபோது வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தந்தை உண்மைப் பிள்ளையை அடைவதற்குப் பொய்யுருவைப் பயன்படுத்துகின்றார். அப்பெற்றோர் பொய்யுருவுக்காக உண்மைப் பிள்ளையைக் கைவிட்டனர். கருவி ஒன்றே, பயன் இருதுருவம்.

இனி இரண்டாவது அச்சத்தைக் கருதுக. ‘ரியாலிற்றி ஷோ’ என வழங்கும் நிசவாழ்வுக் காட்சி 1973 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடராகக் காட்டியதோடு பெருங்கவனம் பெற்றது. அத்தொடரிலேயே அக்குடும்பத்துக் கணவன் மனைவியர் பிரிந்தனர். 1999 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ஓர்வெலின் ‘பெரிய அண்ணன்’ பெயரையே தாங்கிய நிகழ்ச்சி தொடங்கியது. அந்நியர் பலரை ஒரு வீட்டில் அடைத்து, வெளித்தொடர்பை அறுத்து, இரவும் பகலும் படம்பிடித்து, பார்வையாளர் வாக்கினால் ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றுவது அதன் அமைப்பு. ஓர்வெல் அச்சுறுத்தும் பொருட்டுப் படைத்த பெயர் அரை நூற்றாண்டில் பொழுதுபோக்கின் பெயராயிற்று. தமிழில் அது 2017 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் விஜய் தொலைக்காட்சியில் ‘பிக் பாஸ்’ எனத் தொடங்கியது.

அதன் மூன்றாம் தொடர் 2019 ஆம் ஆண்டில் ஒளிபரப்பானது. கிளிநொச்சியிற் பிறந்தவரும் சக்தி தொலைக்காட்சியிற் செய்தி வாசித்தவருமாகிய லொஸ்லியா மரியநேசன் அதிற் பங்குபற்றினார். அவருடைய தந்தையார் கனடாவிற் பணிபுரிந்தவர். மகளும் தந்தையும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக நேரிற் கண்டதில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில், உறவினர் வீட்டுக்குள் அழைக்கப்படும் பகுதியில், தந்தையார் உள்ளே வந்தார். அப்பகுதியில், கட்டளை பிறந்ததும் பங்குபற்றுவோர் அசையாது நிற்றல் வேண்டும் என்பது விளையாட்டின் விதி. பத்தாண்டுப் பிரிவின் பின் நிகழ்ந்த சந்திப்பும், மகளின் கண்ணீரும், தந்தை தம் மனக்குறையை வெளியிட்டுக் கண்டித்தமையும் கோடம்பாக்கம் முதற் கொடிகாமம் வரை வீடுதோறும் காணப்பட்டன.

அத்தந்தையையோ மகளையோ குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. இருவர் கண்ணீரும் மெய்க்கண்ணீரே. ட்ரூமனின் தந்தை நடிகர். இவர் உண்மைத் தந்தை. மகளும் முதிர்ந்தவர், தம் விருப்பத்தோடு சென்றவர். ஆயினும் திரைப்படம் 1998 இற் கற்பித்த காட்சியும் தொலைக்காட்சி 2019 இற் காட்டிய காட்சியும் ஒத்திருத்தல் எண்ணத்தக்கது. இரண்டிலும் சந்திப்பின் இடத்தையும் நேரத்தையும் வகுத்தவர் மூன்றாமவர். தந்தையின் கண்டிப்பு மகளின் செவிக்கு மட்டும் உரியதாக இருந்திருப்பின் அது அறிவுரை. கோடிக்கணக்கானோர் கேட்டபோது அது தீர்ப்பாயிற்று. மறுநாளே அதன் நியாய அநியாயத்தை அறியாதாரெல்லாம் விவாதித்தனர். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் மௌனத் துயரம் அன்று திரையில் தன் முகத்தைக் கண்டது என்பதும் மெய். அத்துயரம் விளம்பரங்களுக்கிடையே விற்கப்பட்டது என்பதும் மெய்.

முதிர்ந்தோர்க்கே இவ்வாறாயின் சிறுவர்க்கு எவ்வாறாகும்? ஈண்டும் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். 2015 ஆம் ஆண்டிற் சிறுவர்க்கான இசைப்போட்டி ஒன்றில் இரண்டாமிடம் பெற்ற கனடாவாழ் ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா யூட், தமக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வழங்குவதாக மேடையிலேயே அறிவிக்கச் செய்தார். 2023 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அரியாலையைச் சேர்ந்த கில்மிசா, சீ தமிழின் இசைப்போட்டியில் முதலிடம் பெற்றபோது யாழ்ப்பாணம் ஊரோடு மகிழ்ந்தது. பயின்ற கலையைப் பலரறியக் காட்டல் கோயில் வீதியிலும் கல்லூரி மண்டபத்திலும் என்றும் நிகழ்ந்ததே. அதிற் குற்றமில்லை. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகள் பாட்டோடு நிற்பதில்லை. பாடும் பிள்ளையின் வறுமையும் வீட்டுத் துயரும் போரின் இழப்பும் கதையாக வினவப்படுகின்றன. பாடல் பிள்ளை ஈட்டிய திறமை. அதனை அளிக்கப் பிள்ளைக்கு உரிமையுண்டு. துயரம் குடும்பத்தின் மறைபொருள். அதன் விலையைப் பிள்ளை அறியாது.

இதனினும் கவலைக்குரியது வடபகுதியில் அண்மைக்காலத்திற் பெருகிய உதவிக் காணொளிகள். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தை வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் யூரியூப்பர் சிலர், கொடுக்கும் காட்சியை முழுதும் படம்பிடித்து வெளியிடுகின்றனர். ஒழுகும் கூரை, வெறும் அடுப்பு, நோயுற்ற தாய், தலைகுனிந்து நன்றி கூறும் பிள்ளை ஆகிய யாவும் காட்சியாகின்றன. உதவியவர் தொலைவிலிருந்து வளர்ப்புத் தந்தையாகின்றார். பிள்ளை அவர்க்கும் பிறர்க்கும் நிகழ்ச்சியாகின்றது. முற்கூறிய இரண்டு அச்சங்களும் இவ்விடத்திற் கைகோக்கின்றன. உதவி மெய்யானதே. அரிசிப்பொதியும் துவிச்சக்கரவண்டியும் அவ்வீட்டுக்குத் தேவையானவையே. எனினும் அடுத்தநாள் வகுப்பறையில் அப்பிள்ளை எதிர்கொள்ளும் பார்வையைக் கமரா காட்டுவதில்லை. மறுக்க இயலாத நிலையிலுள்ளவரிடம் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. முகத்தை மறைத்தும் உதவலாம். கணக்கைப் பற்றுச்சீட்டினாலும் காட்டலாம்.

உலகின் பிற பகுதிகள் இதனைச் சட்டத்தால் நெறிப்படுத்த முயன்றுள்ளன. சாப்ளினோடு 1921 ஆம் ஆண்டுப் படத்தில் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் ஜக்கி கூகன் ஈட்டிய செல்வம் பெற்றோராற் செலவழிக்கப்பட்டமையால், 1939 ஆம் ஆண்டிற் கலிபோர்னியா சிறுவர் வருவாயைக் காக்கும் சட்டம் இயற்றியது. இந்தியாவின் குழந்தை உரிமை ஆணையம் 2011 ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிற் சிறுவர் பங்குபற்றுதல் குறித்து நெறிமுறைகள் வகுத்தது. பிரான்சு 2020 ஆம் ஆண்டில் இணையக் காணொளிச் சிறுவர்க்குச் சட்டம் செய்து, தம் காட்சிகளை நீக்குமாறு கேட்கும் உரிமையையும் பிள்ளைகளுக்கே அளித்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இத்தகைய வருவாயில் பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கும் சட்டம் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்தது. சிறுவரின் அந்தரங்கத்தைப் பேணுமாறு கூறும் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆதலின் அடிப்படை இல்லாமல் இல்லை. அதனை வீட்டிலும் பாடசாலையிலும் நடைமுறைப்படுத்துவோரே வேண்டும்.

அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிள்ளை ஒன்றைத் திரையிற் கொணருமுன் மூன்று வினாக்கள் போதும். இது பிள்ளைக்காகவா, பார்ப்போர்க்காகவா? வேண்டாம் எனக் கூறி எழுந்து செல்லப் பிள்ளைக்கு வழியுண்டா? பிள்ளையின் பக்கம் மட்டுமே நின்று பேசும் முதியோர் ஒருவர் அவ்விடத்தில் உளரா? தந்தையின் காணொளி அழைப்பு இம்மூன்றிலும் பெரும்பாலும் தேறிவிடும். பார்ப்போர் இருவரே, பிள்ளை தொலைபேசியை வைத்துவிட்டு விளையாடப் போகலாம், அம்மம்மா அருகில் இருக்கின்றாள். உதவிக் காணொளி மூன்றிலும் பெரும்பாலும் தவறும். ஆகவே அஞ்ச வேண்டியது திரை அன்று. தொலைவிலுள்ள பெற்றோரைத் திரையை நம்பியமைக்காகப் பழிப்பது அவர்தம் துயரை இரட்டிப்பதாகும். அவ்வுறவைப் பிறர் கண்ணுக்கு விற்பனைப் பொருளாக்குவதே அஞ்சத்தக்கது.

இதில் ஆசிரியர்க்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. பெற்றோர் இருவரும் வெளிநாட்டிலுள்ள மாணவன் யார், மாலையில் அவனோடு இருப்பவர் யார் என்பதை வகுப்பாசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். மலாயாவுக்குச் சென்ற தந்தையர் தம் மக்களை விடுதிச்சாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் விட்டுச் சென்ற காலத்தில் ஆசிரியர் ஏற்ற கடமை அதுவே. பரிசளிப்பு விழாவிலோ உதவி வழங்கும் நிகழ்விலோ வறிய மாணவனின் முகத்தைப் படமாக்கி வெளியிடுமுன் அவனைத் தனியே அழைத்துக் கேட்பதும் அக்கடமையின் பாற்பட்டதே. அவன் தயங்கினால் அத்தயக்கமே விடையாகும். பிள்ளையைப் பாடப் புகுந்த புலவர் காப்பினை முதலிலும் ஏனைய பருவங்களை அதன் பின்னும் வைத்த முறை, கமரா ஏந்தும் கைக்கும் பொருந்தும் முறையே.